கதவு பூட்டு

வேதாரண்யத்தில் மீட்டர்களை உப்பு தின்னும்.
இராயக்கோட்டையில் பல்லி குடியிருக்கிறது.
மாற்றலாகி வந்த முதல் மாதம்
எனக்குத் தெரிந்த வித்தியாசம் இவ்வளவுதான்.
அப்புறம் மலை.
எந்தச் சந்தில் திரும்பினாலும்
கோட்டையைச் சுமந்துகொண்டு முன்னால் வந்து நிற்கும்.
சமதரையில் வளர்ந்தவளுக்கு
யாரோ தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது மாதிரி.

மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவளுக்கு
ஊர் என்றால் எண்கள்.
நூற்றுப் பதினேழு: நாய் உண்டு.
நூற்றுப் பதினெட்டு: மீட்டர் மாட்டுக் கொட்டகைக்குள்.
நூற்று இருபத்தாறு: கதவு பூட்டு.
ஒவ்வொரு வீட்டுக்கும் வருஷத்துக்கு ஆறு தடவை,
தடவைக்கு இரண்டு நிமிஷம்.
பன்னிரண்டு நிமிஷத்தில்
யாரோடு என்ன பழக?

"எவ்ளோ வருது?"
"நூறுக்குள்ளதான். கட்ட வேணாம்."
இந்த ஊரோடு நான் பேசியது மொத்தமும் அதுதான்.

என் வாடகை வீட்டுக்கும் நானேதான் ரீடிங்.
இரண்டு மாதத்துக்குப் பத்தொன்பது யூனிட்.
ஒரு பல்பு, ஒரு போன் சார்ஜர்,
எப்போதாவது மிக்ஸி.
ஆளில்லாத வீட்டுக்குத்தான் இப்படிக் கணக்கு வரும்,
அனுபவத்தில் சொல்கிறேன்.
உள்ளே நின்றுகொண்டே
கதவு பூட்டு என்று எழுதிவிடப் பார்த்தேன்.

நூற்று இருபத்தாறு ஒருநாள் திறந்திருந்தது.
லகுமம்மா.
தக்காளி மண்டியில் தரம் பிரிக்கிறவள்,
விடியுமுன் போய் இருட்டித் திரும்புகிறவள்.
அன்றைக்குக் கால் சுளுக்கு.
"கூர்ச்சோ" என்றாள்.
திட்டுகிறாளோ என்று விழித்தேன்.
"கூர்ச்சோ, கூர்ச்சோ."
முறத்தைத் தள்ளி இடம் காட்டியதும்தான்
உட்காரச் சொல்கிறாள் என்று புரிந்தது.

உட்கார்ந்தேன்.
எட்டு மாதமாக இந்த ஊரில்
நின்றுகொண்டே இருந்திருக்கிறேன்.

களி உருண்டையும் கீரைக் குழம்பும் வைத்தாள்.
நான் களியை மென்றேன்.
மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
களியை யாராவது மெல்லுவார்களா!
சிரித்த சிரிப்பில் சுளுக்கை மறந்து எழுந்தவள்
ஐயோ என்று பழையபடி உட்கார்ந்தாள்.

போன் நம்பர் கேட்டாள், கொடுத்தேன்.
அடுத்த வாரம் தெருவுக்கே தெரிந்திருந்தது.
ரோஜாத் தோட்டக் காவல்காரர் நஞ்சுண்டன்
நடுராத்திரியில் கூப்பிடுவார்.
நோன்புக்கு எழுந்த தையல்கடை ஜமீலா மூன்றரைக்கு.
"கரண்ட் எப்போ வரும்?"
நான் லைன்மேன் இல்லை அண்ணே,
நான் லைன்மேன் இல்லை அக்கா,
நான் வெறும் எண் பார்க்கிறவள்.
எரிச்சலோடு வைப்பேன்.
அதே எரிச்சலோடு லைன்மேனை எழுப்புவேன்.

பெருநாளுக்கு முந்தின ராத்திரி
ஜமீலாவின் மிக்ஸி புகைந்து போய்
மசாலாக்கள் எல்லாம் என் வீட்டில் அரைபட்டன.
அந்தத் தடவை என் கணக்கு முப்பத்துநாலு.
தப்பாகப் பார்த்துவிட்டேனோ என்று
டார்ச் அடித்து மறுபடி பார்த்தேன்.

சித்திரையில் ஒரு மழை.
மாங்காயெல்லாம் உதிர்த்துப் போட்ட காற்று.
ஊர் மொத்தமும் இருட்டு.
லகுமம்மா பெயர் போனில் மின்னியது.
"கம்பம் சாஞ்சிடுச்சு, காலையிலதான் வரும்"
அவள் வாய் திறக்குமுன் சொல்லி முடித்தேன்.
"அத யாரு கேட்டா.
உன் வூட்ல கரண்ட் இருக்கா?
ஒண்டியாவா இருக்க?"

இல்லை என்றேன்.
எந்தக் கேள்விக்கு என்று எனக்கே தெரியவில்லை.

அங்கேயும் இருட்டுதான்.
கூடை தக்காளி எண்பது ரூபாய்க்கு விழுந்ததைச் சொன்னாள்.
ஏரியில் கொட்டிவிட்டுப் போனவனைச் சொன்னாள்.
உப்பளத்தில் வெறுங்காலோடு நடந்தால்
எப்படி எரியும் என்று நான் சொன்னேன்.
மின்னும்போதெல்லாம்
ஜன்னலில் மலை வந்து வந்து போனது.
போனில் நாலு சதவிகிதம்.
அவளுடையதும் அப்படித்தானாம்.
வெக்கிறேன் என்று
மூன்று தடவை சொல்லிக்கொண்டோம்.